முதல் செங்கல்லை எங்கே வைக்கச் சொல்வது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு புதுப்பிக்கும் வேலைகளை எடுத்துச் செய்கிறேன். சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டுவது, காடி நிறுத்தக் கூரை போடுவது, பழைய ஓடுகளைப் பெயர்த்துவிட்டுப் புதிது ஒட்டுவது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான். ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திலும் இருக்கிறேன். போன கூட்டத்தில் சங்கத்துக் கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது. எஸ்.பி.எம். எனப்படும் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுமானத் தொழிலை அறிமுகம் செய்துவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் சம்மதம். எப்படி என்று கேட்டதும்தான் கூட்டம் நான்காகப் பிரிந்தது.

தெரிந்த காண்ட்ராக்டர்களிடம் நேராக வேலைக்கு விட்டுவிடலாம் என்றது ஒரு தரப்பு. மண்டபத்தில் ஒரு நாள் பேச்சு வைத்து, ஒரு சைட்டைச் சுற்றிக்காட்டி, சைட்டில் வேலை செய்யத் தேவையான பச்சை அட்டையும் எடுத்துக் கொடுக்கலாம் என்றது இன்னொன்று. இதெல்லாம் எதற்கு, அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் போதாதா என்றார் ஆசிரியர் ஒருவர். நான் சொன்னது நான்காவது: பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் எட்டு சனிக்கிழமை ஒரு பட்டறை. நான் சொன்ன யோசனை என்பதால் என் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த நான்கையும் செலவை வைத்தோ சான்றிதழை வைத்தோ ஒப்பிட நான் விரும்பவில்லை. எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: பிள்ளை தப்பாகக் கட்டிய சுவரை இடித்துவிட்டு மறுபடி கட்ட அங்கே இடம் இருக்கிறதா? பதினேழு வயதுப் பையனுக்கு ஒரு தொழில் பிடிக்கிறதா இல்லையா என்பது அவன் முதல் தப்பைச் செய்து, அதைத் தானே சரிசெய்யும்போதுதான் தெரியும். சரியாகச் செய்பவரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

அறிமுகம் செய்துவைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை. எங்கள் அப்பா காலத்தில் யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. தோட்டத்தில் லயத்து வீடுகளைப் பழுது பார்க்க ஒரு கொத்தனாரும் ஒரு ஆசாரியும் இருப்பார்கள். பள்ளி விட்டு வரும் பையன்கள் அவர்களைச் சுற்றி நிற்பார்கள். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைக்கச் சொல்வார், பிறகு சாந்து குழைக்கச் சொல்வார், ஒரு நாள் கோழிக்கூண்டுக்குக் கால் கட்டச் சொல்வார். கோழிக்கூண்டு கோணலாக இருந்தால் கோழி ஒன்றும் கேட்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த பிறகு அந்தக் கொத்தனார் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. இப்போது கட்டட வேலை என்றால் தகர வேலிக்கு உள்ளே நடக்கும் ஏதோ ஒன்று. வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். 'அது நம் வேலை இல்லை' என்று பிள்ளைகள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இத்தனைக்கும் இதே பேராக்கில், பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டையைக் கட்டியது தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். பள்ளிச் சுற்றுலாவில் எல்லாப் பிள்ளைகளும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியவர்களைப் பற்றிக் கேட்டால் பேய்க் கதைதான் வருகிறது.

முதல் வழி, நேராக சைட். நான் வந்த வழியும் இதுதான், அதனால் இதன் நல்லதும் கெட்டதும் எனக்கு உடம்பிலேயே தெரியும்.

பதினெட்டு வயதில் மாமா ஒருவர் என்னை ஈப்போவில் ஒரு தவுக்கேயிடம், அதாவது காண்ட்ராக்ட் முதலாளியிடம், சேர்த்துவிட்டார். முதல் வருடம் முழுக்க நான் கையாள்தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை லோரியிலிருந்து இறக்குவது, மணல் சலிப்பது, சாந்து குழைத்து வாளியில் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவது, சாயங்காலம் கருவிகளைக் கழுவுவது. செங்கல்லைத் தூக்கினேனே தவிர ஒன்றைக்கூட வைக்கவில்லை. ஒரு நாள் கொத்தனார் வரவில்லை, நீ வை என்றார்கள். ஆறு வரிசை வைத்தேன். மேற்பார்வையாளர் வந்து ரசமட்டத்தைச் சாய்த்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காலால் ஓர் உதை விட்டார். ஆறு வரிசையும் கீழே. சாந்து காய்வதற்குள் இடித்தது நல்லது என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான்: இனி யார் சொன்னாலும் கரண்டியைத் தொடாதே. அடுத்த ஐந்து மாதம் தொடவும் இல்லை.

தவுக்கேயைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை எடுத்திருப்பது குறித்த தேதிக்குள் முடிக்க. தப்பான சுவர் என்றால் கல், சாந்து, இரண்டு பேர் கூலி, அரை நாள், எல்லாம் நட்டம். அதனால் தெரியாதவனைத் தெரியாத வேலையிலேயே வைத்திருப்பதுதான் அவருக்கு லாபம். மூட்டை தூக்குகிறவன் மூட்டை தூக்கிக்கொண்டே இருப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, கணக்கு ஒன்றே போதும்.

ஆனால் சைட்டில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. நாள் கூலி கையில் வரும். நான்கு மொழிக்காரர்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்து பசியாறும்போது யார் எந்த வேலையில் கெட்டிக்காரர், யார் சதுர அடிக் கணக்கில் ஓடு ஒட்டிக் காசு பார்க்கிறார், யார் இன்னும் நாள் கூலியிலேயே இருக்கிறார் என்பது தெரியும். மழை வந்தால் கான்கிரீட்டை எப்படிக் காப்பாற்றுவது, வர வேண்டிய லோரி வராவிட்டால் அந்த அரை நாளை எதில் போடுவது என்பதையெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. எஸ்.பி.எம். எழுதி முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினேழுதான். சங்கமே முன்னின்று பதினேழு வயதுப் பையனைச் சாரத்தில் ஏற்றிவிட்டு, அவன் விழுந்தால் யார் பதில் சொல்வது? இன்னொன்று பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. சின்ன காண்ட்ராக்டர்கள் பலர் இரண்டு மாதம் வந்து போகும் பையனுக்குச் சந்தா கட்டுவதில்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், கேட்டால் "அடுத்த மாதம் பதிந்துவிடலாம்" என்றுதான் பதில் வரும்.

இரண்டாவது வழியை வேகமாகக் கடந்துவிடலாம். பச்சை அட்டை என்பது சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு அட்டை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வாரியம் அது. ஒரு நாள் பாதுகாப்பு அறிமுக வகுப்பில் உட்கார்ந்து பதிந்துகொண்டால் அட்டை கிடைக்கும். அது இல்லாமல் சைட்டில் வேலை செய்வது சட்டப்படி தவறு, அதனால் என்றைக்காவது எடுத்தே ஆக வேண்டியதுதான். ஆனால் அது வாசல் கதவின் சாவி. உள்ளே இருப்பது பிடிக்குமா என்று தெரியாதவனுக்குச் சாவியை முதலில் கொடுத்து என்ன பயன்?

சைட்டைச் சுற்றிக் காட்டுவதும் அப்படித்தான். மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையாக நடப்பார்கள், யாரையும் எதையும் தொடவிட மாட்டார்கள், தொடவிடவும் கூடாது. சாயங்காலம் கைப்பேசியில் நாற்பது படம் இருக்கும். கட்டட வேலை என்றால் என்ன என்று கேட்டால் வெயில் என்று சொல்வார்கள். சங்கத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரே நாளில் முடிந்துவிடும், பத்திரிகையில் படமும் வரும். பணத்தில் பாதி சாப்பாட்டுக்கும் பதாகைக்கும் போகும் என்று பொருளாளரே கணக்குப் போட்டுச் சொன்னார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

மூன்றாவது, பயிற்சி நிலையம். இதைப் பற்றி நம் வீடுகளில் சரியான தகவலே இல்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் ஜியாட்மாரா நிலையங்கள் இருக்கின்றன. மின்கம்பி இணைப்பு, வெல்டிங், குளிர்சாதனம் போன்ற பயிற்சிகள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடும், கட்டணம் இல்லை, மாதம் ஒரு படித்தொகையும் தருகிறார்கள். பெயரில் 'மாரா' (மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கான அரசாங்க அமைப்பு) இருப்பதால் அது மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து எங்கள் பக்கத்தில் பலர் விண்ணப்பப் பாரத்தைக்கூட எடுத்துப் பார்ப்பதில்லை. எல்லா இனத்துக்கும் திறந்த இடம் அது. இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'அப்படியா?' என்று கேட்காமல் இருந்ததில்லை. அப்புறம் மனிதவளத் துறையின் கீழ் ஐ.எல்.பி. என்று பழகிப்போன தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. ஈப்போவில் ஒன்று உண்டு. கணக்கு நன்றாக வரும் பிள்ளை என்றால் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும் அதே ஈப்போவில்தான் இருக்கிறது. அங்கே சிவில் பொறியியல் டிப்ளோமா படிக்கலாம்.

எஸ்.கே.எம். என்பது மலேசியத் திறன் சான்றிதழ். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலைகள், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. கொத்தனார் பிள்ளையும் இந்த ஏணியில் ஐந்தாம் படி வரை ஏறலாம் என்பது நம் பெற்றோருக்குச் சொல்லப்படாத செய்தி. அவர்களுக்குத் தெரிந்தது பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் தொழிற்சாலை. நடுவில் எதுவும் இல்லை என்ற நினைப்பு.

என் அளவுகோலில் இந்த வழி நன்றாகவே தேறுகிறது. பயிற்சி நிலையத்தில் சுவர் கட்டுவதே இடிப்பதற்குத்தான். ஆனால் சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்றால் பிள்ளை முன்கூட்டியே ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கம்பியா, வெல்டிங்கா, கட்டுமானமா? ஒன்றையும் கையால் தொடாதவன் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பான்? நண்பன் எதில் போட்டிருக்கிறானோ அதில் போடுவான். இரண்டாம் மாதம் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்துவிடுவான். வந்த பிறகு அந்தப் பிள்ளையை எங்கேயும் அனுப்பப் பெற்றோருக்கு மனம் வராது. இப்படித் திரும்பி வந்தவர்கள் எங்கள் தாமானிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் சோம்பேறிகள் இல்லை. ஒருவன் இப்போது என்னிடமே ஓடு ஒட்டுகிறான், அவன் வெட்டும் மூலை ஓட்டில் முடி நுழையாது. அவனை அன்றைக்குச் சேர்த்துவிட்டது வெல்டிங்கில்.

தனியார் பயிற்சிக் கல்லூரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திறன் மேம்பாட்டுக் கடன் நிதியிலிருந்து பணம் ஏற்பாடு செய்து தருகிறோம் என்பார்கள். நல்லவை இருக்கின்றன. ஆனால் கடன் பிள்ளையின் பெயரில் ஏறுகிறது, பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பட்டறைக்குள் போய், பயிற்சிக் கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இனி நான்காவது. சனிக்கிழமைப் பட்டறை.

பத்துப் பிள்ளைகள், இரண்டு இரண்டு பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சுவர். மலேசியச் செங்கல் 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 அகலம், 65 உயரம். சாந்துக்குப் பத்து மில்லிமீட்டர் சேர்த்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் அரைக்கல் சுவருக்கு (கல்லின் அகலமே சுவரின் தடிமன்) சுமார் 60 கல். ஐந்து குழுவுக்கு 300 கல், உடைவதற்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் முதலீடு.

சாந்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிமெண்ட் போடக் கூடாது. மணலும் சுண்ணாம்பும் மட்டும். சிமெண்ட் இல்லாத அந்தச் சாந்து சுவரைப் பிடித்து நிறுத்தும், ஆனால் கல்லாக இறுகாது. சாயங்காலம் சுவரை இடித்து, கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து, சாந்தை மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அடுத்த வாரத்துக்குத் தயார். பயிற்சி நிலையங்களில் பழக்கத்தில் இருக்கும் முறைதான். அதே 300 கல்லைப் பிள்ளைகள் நான்கு முறை கட்டலாம், நான்கு முறை இடிக்கலாம். சுண்ணாம்பும் கையை அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் சனிக்கிழமை கரண்டியையே கொடுக்க மாட்டேன். டேப்பும் நூலும் மட்டும். தரையில் ஒரு செங்கோணம் போடச் சொல்வேன். முதல் படிவத்தில் பித்தாகரஸ் படித்திருப்பார்கள், மறந்திருப்பார்கள். ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நான்கடி, குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை நேர். பெரிய தரை என்றால் ஆறு, எட்டு, பத்து. கணக்குப் பாடத்தில் தோற்றவன் ஒருவன் இதை மண்ணில் போட்டுப் பார்த்துவிட்டு "அண்ணே, இதுக்குத்தானா அது?" என்று கேட்டிருக்கிறான். என் சைட்டில் நடந்தது. அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்தப் பட்டறை யோசனையே எனக்கு வந்தது.

அடுத்தது மட்டம். லேசர் கருவி என்னிடம் இருக்கிறது, ஆனால் முதலில் அதைக் காட்ட மாட்டேன். இரண்டு பக்கமும் திறந்த, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் பொய் சொல்லும். தூக்குக்குண்டும் அப்படித்தான், காற்று அடித்தால் ஆடும், பொறுமையாக இருந்தால் உண்மையைச் சொல்லும். இந்த இரண்டையும் பழகியவனுக்கு லேசர் எப்போது தவறாகக் காட்டுகிறது என்று தெரியும்.

அப்புறம்தான் கல். நான்கு வரிசை ஏறினால் 300 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் சாந்து இரண்டே இரண்டு மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகும் என்று கேட்பேன். ஒன்றும் ஆகாது என்பார்கள். பதின்மூன்றாவது வரிசையில் அளந்தால் 26 மில்லிமீட்டர் ஏறியிருக்கும், ஜன்னல் சட்டம் உட்காராது. சொன்னால் யாருக்கும் உறைக்காது. கட்டி முடித்து, மரச்சட்டத்தைத் தூக்கி வைத்து, அது உள்ளே போகாமல் நிற்கும்போது உறைக்கும். அப்போது யாரும் உதைக்கத் தேவையில்லை. அவர்களே இடிப்பார்கள்.

கடைசி மூன்று வாரத்தில் உண்மையான ஒரு பொருள். பள்ளிக் கால்வாய்க்கு மேல் போடும் கான்கிரீட் மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை அடித்து, கம்பி வெட்டிக் கட்டி, கான்கிரீட் குழைத்து ஊற்றுவது. இங்கேதான் முதல்முறையாக சிமெண்ட் வரும். ஈர சிமெண்ட் காரம் மிகுந்தது, முட்டி போட்டு அதில் உட்கார்ந்தால் அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்திருக்கும். நீளக் காற்சட்டை, ரப்பர் காலணி இல்லாமல் அன்றைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது. ஊற்றிய மூடியை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். முழு பலத்தைச் சோதித்துப் பார்ப்பது 28ஆம் நாளில். வார நாளில் வந்து தண்ணீர் ஊற்றுவது யார்? நான் பட்டியல் போட மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தானாக மோட்டாரில் வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போகிறவன் எவனோ அவனுக்கு இந்தத் தொழில் பிடித்திருக்கிறது. நேரான சுவர் கட்டியவனைவிட அவனைத்தான் நான் தேடுகிறேன்.

பட்டறையில் ஒரு விதி. நெஞ்சு உயரத்துக்கு மேல் வேலை கிடையாது, ஏணி கிடையாது, வெட்டும் இயந்திரத்தை நானும் இன்னொரு கொத்தனாரும் தவிர யாரும் தொடக் கூடாது. மின்கம்பி வேலையைக் காட்ட எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற ஒருவரை ஒரு வாரம் கூப்பிடுவோம், பலகையில் சுவிட்சும் விளக்கும் இணைப்பார்கள், மின்சாரம் கொடுப்பது அவர் மட்டும்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. எட்டு வாரம் முடிந்து கையில் ஒரு சான்றிதழும் வராது. சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம் கொடுக்கலாம், எந்தத் தவுக்கேயும் அதைப் பார்க்க மாட்டார். சொல்லிக்கொடுப்பவர் நன்றாக இருந்தால்தான் பட்டறை நன்றாக இருக்கும், கத்துகிற மேஸ்திரியைக் கொண்டுவந்தால் சைட்டையே பள்ளிக்குப் பின்னால் கொண்டுவந்தது போலாகும். வேகமும் தெரியாது. பட்டறையில் ஒரு நாளில் கட்டுவதை சைட்டில் ஒரு கொத்தனார் பசியாறுவதற்கு முன் கட்டிவிடுவார்.

பெரிய குறை பணம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அந்த ஆகஸ்டிலிருந்து அது பொருந்துகிறது. தேர்வு முடிந்த மறுவாரமே பேரங்காடியிலோ தொழிற்சாலையிலோ பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பல வீடுகளில் அந்தப் பணம் தேவையும்கூட. வார நாளில் பட்டறை வைத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். சனிக்கிழமை என்று நான் பிடிவாதமாக நின்றது இதனால்தான். வேலைக்குப் போகிறவனும் விடுப்புச் சொல்லிவிட்டு வர ஒரு நாள். சாப்பாடும் பெட்ரோல் காசும் சங்கம் கொடுக்கட்டும். பதாகைக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போதும்.

கூட்டத்தில் ஒரு நியாயமான கேள்வி வந்தது. செங்கல் வைக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள், இனி எல்லாம் தொழிற்சாலையில் வார்த்த சுவர்தானே என்றார் இளைஞர் ஒருவர். உண்மைதான். 2008லிருந்து பெரிய அரசாங்கத் திட்டங்களுக்கு ஐ.பி.எஸ். எனப்படும் தொழிற்சாலை முறைக் கட்டுமானத்தில் 70 மதிப்பெண் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வார்த்துக் கொண்டுவந்த பலகையை கிரேன் தூக்கி வைக்கிறது. ஆனால் வைத்த பலகை தூக்காக நிற்கிறதா, மட்டம் சரியா, வரைபடத்தில் இருக்கும் அளவு தரையில் இருக்கிறதா என்று பார்ப்பது அதே டேப்பும் அதே கண்ணும்தான். அது போக, இந்த ஊரில் இருக்கும் ஆயிரக்கணக்கான தாமான் வீடுகளின் சமையலறையை நீட்டிக் கட்ட கிரேன் வராது, நான்தான் போகிறேன். எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

பெண் பிள்ளைகள் வேண்டுமா என்று கேட்டார்கள். ஏன் கூடாது? மூட்டை தூக்குவதை வைத்து அளந்தால் பாதிப் பையன்களும் தேற மாட்டார்கள். ஓடு ஒட்டுவதற்கும், மின்கம்பிக்கும், அளவு எடுத்துப் பொருள் கணக்குப் போடுவதற்கும் நிதானமான கைதான் வேண்டும். கடைசி வாரத்தில் வரைபடத்தைப் பார்த்து எத்தனை கல், எத்தனை மூட்டை என்று கணக்குப் போடும் பயிற்சியை அதற்காகவே வைத்திருக்கிறேன். பொருள் கணக்கிடுவது பட்டப்படிப்பு வரை போகும் தனித் தொழில் என்பது அந்த ஒரு சாயங்காலத்தில் சிலருக்காவது தெரியட்டும்.

சரி, யாருக்கு எது? பதினெட்டு முடிந்தவன், வீட்டில் உடனே பணம் தேவை, தெரிந்த கொத்தனார் ஒருவர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கிறார் என்றால் சைட்டுக்கே போகட்டும். பச்சை அட்டையும் பெர்கேசோ பதிவும் முதல் நாளே இருக்க வேண்டும். அப்படிப் போனவன் சில வருடம் கழித்து, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையில் எஸ்.கே.எம். வாங்கலாம். செய்த வேலைகளின் படங்களையும் ஆதாரங்களையும் கோப்பாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நானே அப்படித்தான் வாங்கினேன். முதல் வருடத்துப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லாததால் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதனால் சைட்டுக்குப் போகும் தம்பிகளிடம் நான் சொல்வது, செல்ஃபி எடுக்கும் நேரத்தில் கட்டிய சுவரையும் ஒரு படம் எடுத்து வை.

தனக்கு என்ன வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளை பட்டறைக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராகப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அப்படித் தெரிந்த பிள்ளைகள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மிச்சப் பேருக்குத்தான் பட்டறை.

பட்டறையிலிருந்து எங்கே என்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். எஸ்.எல்.டி.என். என்று ஒரு முறை இருக்கிறது. பயிற்சியில் எழுபது, எண்பது விழுக்காடு நிறுவனத்தில் வேலை செய்தபடி, மிச்சம் பயிற்சி நிலையத்தில். வேலை செய்யும் காலத்தில் நிறுவனம் படித்தொகை கொடுக்கும், முடிவில் அதே எஸ்.கே.எம். சான்றிதழ். கூலியும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்கிற நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் செலவில் ஒருவனை எடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்றால், அவன் மூன்றாம் வாரம் ஓடிவிட மாட்டான் என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும். எட்டு சனிக்கிழமையும் வந்து, நான்கு முறை தன் சுவரைத் தானே இடித்தவன் என்று நான் ஒரு முதலாளியிடம் சொன்னால் அவர் காது கொடுப்பார்.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பட்டறைக்கு ஒரு வாக்கு அதிகம். தலைவர் பச்சை அட்டை வகுப்பையும் கடைசி வாரத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், பதினெட்டு முடிந்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். சுண்ணாம்பு இரண்டு மூட்டை சொல்லி வைத்தாயிற்று. மணலை நானே என் லோரியில் கொண்டுவருகிறேன். கல் தருவதாகச் சொன்ன முன்னாள் மாணவர் ஒருவர், இடித்த வீட்டுப் பழைய கல் போதுமா என்று கேட்டார். பழையது வேண்டாம், அளவு ஒன்றாக இருக்காது, பிள்ளைகள் தங்கள் தப்பைக் கல்லின் மேல் போட்டுவிடுவார்கள் என்றேன். சிரித்துவிட்டுப் புதுக் கல்லுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.